காளைக்கு எட்டிய சட்டம் குழிக்கு எட்டவில்லையே!



ஆண்டு மலருக்குப் படைப்புகள் வரவேற்கப்படுவதாக நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். கவிதைக்கு ஆள் இருந்தது, துணுக்குக்கு ஆள் இருந்தது, விடுகதைக்கும் ஆள் இருந்தது. நான் சட்டமன்றத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்துவிட்டான். "டேய், நாம படிக்கிறது சிவில். சர்வேயிங் பத்தி எழுது, காங்கிரீட் பத்தி எழுது. போய்க் கையைத் தூக்கிட்டு வர்றவங்களப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்றான்.

அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நம்மில் பல பேருக்கு எம்.எல்.ஏ. என்றால் பஸ் ஸ்டாப் நிழற்குடை மேல் எழுதியிருக்கிற பேர். கல்யாணம், காதுகுத்துக்கு வெள்ளை வேட்டியில் வந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவர். சட்டமன்றம் என்றால் டி.வி.யில் இரண்டு நிமிடம் காட்டும் கூச்சல், அப்புறம் வெளிநடப்பு. அவ்வளவுதானே?

என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அம்மா முறுக்கு சுற்றும் வேலைக்குப் போகிறார். அப்பா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவர். பல வருஷம் போர் வண்டியில் ஹெல்பர். ராடு மாட்டுவது, கழற்றுவது, கேசிங் பைப் இறக்குவது அவர் வேலை. அவர் போய் நின்று போட்ட குழிகள் இந்த வட்டாரம் முழுக்க இருக்கின்றன. நான் சட்டமன்றத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்ததற்குக் காரணமும் ஒரு குழிதான்.

அதற்கு முன்னால் காளையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மணப்பாறைக்காரன் மாட்டை விட்டுவிட்டா பேசுவது!

காளையின் கதை

ஆவாரங்காடு, கருங்குளம், பொத்தமேட்டுப்பட்டி என்று நம் பக்கம் ஜல்லிக்கட்டு நடக்கும் ஊர்களை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் இடையில் வாடிவாசல் மூடிக் கிடந்த வருஷங்களும் உண்டு. அது ஏன் மூடியது, எப்படித் திறந்தது என்று கேட்டால் "மெரினாவுல போராடினாங்க, திறந்துச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நடுவில் சட்டமன்றம் என்ன செய்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் சட்டமன்றம் 2009லேயே ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஏன்? நம் அரசியல் சட்டத்தில் அதிகாரத்தை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநிலத்துக்கு, இன்னொன்று இரண்டு பேருக்கும் பொது. விலங்குகளை வதைப்பதைத் தடுப்பது அந்தப் பொதுப்பட்டியலில் வருகிறது. பொதுப்பட்டியலில் டெல்லி ஒரு சட்டமும் சென்னை ஒரு சட்டமும் போட்டு இரண்டும் மோதினால், டெல்லி சட்டம்தான் நிற்கும். நாடாளுமன்றம் 1960ல் போட்ட மிருகவதைத் தடைச் சட்டத்தோடு நம் 2009 சட்டம் மோதியது, விழுந்தது.

ஆனால் அதே அரசியல் சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. மாநிலச் சட்டத்தைக் குடியரசுத் தலைவரிடம் அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டால், மோதல் இருந்தாலும் அந்த மாநிலத்துக்குள் அந்தச் சட்டம் நிற்கும். 254வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு இது.

2017 ஜனவரியில் மெரினாவிலும் ஊர் ஊராகவும் மாணவர்கள் உட்கார்ந்தார்களே, அப்போது இந்தக் கதவைத்தான் தட்டினார்கள். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. "அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்று பலர் எழுந்திருக்க மறுத்தார்கள். அது வீம்பு இல்லை. சட்டமன்றம் கூடி ஆறு வாரத்தில் அவசரச் சட்டம் காலாவதியாகிவிடும். ஜனவரி 23 அன்று சட்டமன்றம் கூடியது. முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் மசோதாவைக் கொண்டுவர, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லாமல் ஒருமனதாக நிறைவேறியது. ஜனவரி 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. அதை எதிர்த்தும் வழக்கு போனது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சட்டம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாட்டின் பகுதியா என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்திருக்கிறது, அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்கிற அளவுக்கு அந்தத் தீர்ப்பு சட்டமன்றத்துக்கு மரியாதை கொடுத்தது.

இதில் எனக்குத் தெரிந்த பாடம் இரண்டு. ஒன்று, சட்டமன்றம் நினைத்தால் ஒரே நாளில் சட்டம் போட முடியும். இரண்டு, போட்டால் மட்டும் போதாது, வழி பார்த்துப் போட வேண்டும். 2009ல் போட்டதும் 2017ல் போட்டதும் ஒரே சட்டமன்றம்தான். போன வழிதான் வேறே.

சட்டமன்றம் நிறைவேற்றிய உடனே எல்லாம் சட்டமாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். கையெழுத்து வேண்டும். ஜல்லிக்கட்டு மசோதாவுக்கு எட்டு நாளில் வந்தது. பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் சம்பந்தப்பட்ட 10 மசோதாக்களை ஆளுநர் 2023 நவம்பரில் ஒப்புதல் தராமல் திருப்ப, நவம்பர் 18 அன்று சட்டமன்றம் மறுபடி கூடி நிறைவேற்றியது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரல் 8 அன்று அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பானது. பின்பு குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்க, 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு விதமாகக் கருத்துச் சொன்னது: ஆளுநருக்கு நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் தந்ததாக நீதிமன்றமே கருதிக்கொள்ளவும் முடியாது, ஆனால் காரணமே இல்லாமல் ஆளுநர் காலவரையின்றி வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது என்று. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய 234 பேர் சேர்ந்து எடுத்த முடிவு ஒரு கையெழுத்துக்காக எத்தனை நாள் காத்திருக்கலாம்? இந்தக் கேள்வி பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இல்லை, நாளைக்கு பி.இ. சேரக் காத்திருக்கும் நமக்கும்தான்.

குழியின் கதை

இப்போது குழிக்கு வருகிறேன்.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. நான் ஏழாம் வகுப்பு. சாயந்திரம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது என்று சேதி வந்தது. அந்த நாலு நாளும் நம் ஊரில் யார் தூங்கினார்கள்? அமைச்சர்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள். பேரிடர் மீட்புப் படை வந்தது. பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்ட ராட்சத ரிக் வந்தது. நம்ம ஊர்ப் பாறை! ரிக்கே திணறியது. தீபாவளியன்று எங்கள் தெருவில் ஒரு பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை. 29ஆம் தேதி விடியற்காலையில் குழந்தை இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

அந்த நாட்களில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்தே இருந்தார். கடைசி நாள் ராத்திரி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் போட்டதுலயும் எத்தனை வாய் திறந்து கெடக்கோ, யாருக்குத் தெரியும்." அந்தக் குழிக்கும் அப்பாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சொன்னார்.

பெரியவனான பின்பு ஒருநாள் கேட்டேன், "ஏம்ப்பா, தண்ணி வரலேன்னா மூடி போட மாட்டீங்களா?" என்று. அவர் சொன்ன பதில் இது: "தண்ணி வரலேன்னா தோட்டக்காரர் தலையில கை வச்சு உக்காந்துருவாரு. அடிக்கணக்குக் காசு குடுக்கவே கடன் வாங்கணும். கேசிங் பைப்பாவது மிஞ்சட்டும்னு அதையும் உருவிருவாங்க. நாங்க ராடைக் கழட்டிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவோம். மூடி போடறது யாரு வேலைன்னு எங்களுக்கு யாருமே சொன்னதில்லடா தம்பி."

யாருமே சொன்னதில்லை! ஆனால் சட்டம் சொல்லியிருந்தது, நண்பர்களே. அதுதான் என்னை உலுக்கியது.

2010லேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிமுறைகள் வகுத்தது. போர் போட 15 நாள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். போர் போடும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை வேண்டும், சுற்றி முள்கம்பி வேலி வேண்டும். கேசிங் பைப்பைச் சுற்றி சிமெண்ட் மேடை கட்ட வேண்டும், பைப் வாய்க்கு இரும்பு மூடி வேண்டும். கைவிடப்பட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டிலும் ஊராட்சிச் சட்டத்தின் கீழ் கிணறு தோண்டுவதை ஒழுங்குபடுத்தும் பாதுகாப்பு விதிகள் 2015ல் வந்துவிட்டன. நடுக்காட்டுப்பட்டிச் சம்பவம் 2019. நாலு வருஷம்! விதி காகிதத்தில் இருந்தது, குழி தோட்டத்தில் இருந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

காளைக்கு ஒரே நாளில் சட்டம் வந்தது, வாடிவாசல் வரை வந்து சேர்ந்தது. எப்படிச் சேர்ந்தது? லட்சம் பேர் கண் அதன் மேல் இருந்தது. குழிக்கும் விதி வந்தது. பார்த்துக்கொண்டிருக்கத்தான் ஆள் இல்லை.

கை மட்டுமா, வாயும்தான்

சட்டத்தை நிறைவேற்ற வேண்டியது அதிகாரிகள், அதற்குச் சட்டமன்றம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் படித்ததை மறந்துவிடுகிறோம். பத்தாம் வகுப்பு குடிமையியலில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பானது. 164வது பிரிவு. அப்படியென்றால் என்ன? சட்டமன்றம் கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அமைச்சர் பதில் சொல்ல வேண்டுமென்றால் செயலாளரைக் கேட்பார், செயலாளர் கலெக்டரைக் கேட்பார், கலெக்டர் பி.டி.ஓ.வைக் கேட்பார், பி.டி.ஓ. நம் ஊராட்சிக்கு வருவார். சென்னையில் ஒருவர் எழுந்து கேட்கும் ஒரு கேள்வி நம் தோட்டத்துக் குழி வரைக்கும் நடந்து வரும்.

அதற்காகத்தான் கூட்டம் தொடங்கியதும் முதல் ஒரு மணி நேரத்தைக் கேள்விக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவசரமான விஷயத்துக்குக் கவன ஈர்ப்பு உண்டு. ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்டு மானியக் கோரிக்கை வரும்போது, "உன் வேலை சரியில்லை, ஒரு சிறு தொகையைக் குறைக்கிறோம்" என்று வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அரசு எழுதும் விதிகளைச் சரிபார்க்க ஒரு குழு இருக்கிறது. அமைச்சர் சபையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்க உறுதிமொழிக் குழு இருக்கிறது. செலவான கணக்கைப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள் எழுதிப் போடுவதைப் படிக்க மனுக்கள் குழு இருக்கிறது. இத்தனை கருவியும் இருக்கிறது. நம் ஒர்க் ஷாப்பில் லேத் இருந்தும் கரண்ட் போடாமல் வைத்திருந்தால் எப்படி, அப்படித்தான்.

என் நண்பன் சொன்ன "கையைத் தூக்கறவங்க" விஷயத்துக்கும் பதில் சொல்கிறேன். 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தால், கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். காசுக்குக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம் அது, வேண்டியதுதான். ஆனால் அதனால் நம் எம்.எல்.ஏ.வின் கை அவர் கட்சியின் கையாகிவிட்டது என்பதும் உண்மை. சரி, வாய்? "எங்கள் தொகுதியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, மூடியது எத்தனை, மூடாதது எத்தனை?" என்று கேட்டால் எந்தச் சட்டத்தில் பதவி போகும்? ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வும் கேட்கலாம், எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வும் கேட்கலாம். ஓட்டு கட்சிக்குச் சொந்தம் என்றாலும் கேள்வி தொகுதிக்குச் சொந்தம்.

என் கருத்து இதுதான்: சட்டமன்றத்தின் பாதி அதிகாரம் சட்டம் போடுவதில் இருக்கிறது. மீதிப் பாதி, போட்ட சட்டம் எங்கே போனது என்று கேட்பதில் இருக்கிறது. நாம் முதல் பாதிக்கு மட்டும் கை தட்டுகிறோம். இரண்டாவது பாதியைக் கேட்பதே இல்லை. நாம் கேட்காததால் அவர்களும் கேட்பதில்லை. அண்மை ஆண்டுகளில் நம் சட்டமன்றம் வருஷத்துக்கு நூறு நாள்கூடக் கூடுவதில்லை. அந்தக் கொஞ்ச நாளிலும் பாராட்டுக்கும் கூச்சலுக்கும் போவது போக, நம் குழிக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும்?

சட்டமன்றத்தை நான் குறை சொல்லி மட்டம் தட்டவில்லை. 1989ல் நம் சட்டமன்றம்தான் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கொடுத்தது. டெல்லிக்கு அதைச் செய்ய 2005 ஆயிற்று. நம் ஊர் முறுக்கு 2023ல் புவிசார் குறியீடு பெற்றதே, அதற்கு அடிப்படையும் நாடாளுமன்றம் 1999ல் போட்ட ஒரு சட்டம்தான். நல்ல சட்டம் போடத் தெரிந்தவர்கள்தான். அதனால்தான் இன்னும் கொஞ்சம் கேட்கிறோம்.

நாங்கள் எண்ணிப் பார்த்தோம்

சும்மா பேசிக்கொண்டிருந்தால் போதுமா என்று, சென்ற செமஸ்டர் லீவில் நானும் எங்கள் ஊர்ப் பையன்கள் மூன்று பேரும் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அப்பாவையும் கூப்பிட்டேன். முதலில் வரமாட்டேன் என்றார். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் எத்தனை அடி போட்டது, எங்கே புகை மட்டும் வந்தது என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். தண்ணீர் இல்லாமல் விட்ட குழி பதினொன்று பார்த்தோம். ஏழு சரியாக மூடியிருந்தது. மூன்றின் வாயில் சாக்கும் கல்லும். ஒன்றின் வாயில் ஒன்றுமே இல்லை, சுற்றிலும் கோரைப்புல் மட்டும். அதைப் பார்த்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டு, அவரே மண்ணும் கல்லுமாகக் கொட்டி மூடினார். நாங்கள் கூடை தூக்கினோம்.

மற்ற மூன்றுக்கு ஊராட்சியில் கேட்டோம். "தனியார் நிலம்ப்பா, நாங்க என்ன பண்றது" என்றார்கள். தோட்டக்காரர்களைக் கேட்டோம். "அப்படி ஒரு விதி இருக்கறதே நீ சொல்லித்தான் தெரியும்" என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. விதி கோட்டையிலிருந்து கிளம்பியது, வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது, அவ்வளவுதான். கிராம சபையில் எழுந்து சொன்னோம். சின்னப் பசங்க என்று சிலர் சிரித்தார்கள். ஆனாலும் தீர்மான நோட்டில் எழுதினார்கள். மூன்றில் இரண்டுக்கு இப்போது மூடி வந்துவிட்டது. இன்னொன்றுக்கு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அந்த மனுவின் கடைசி வரி இதுதான்: "ஐயா, மூடி போட்டுத் தரவேண்டும் என்று கேட்கவில்லை. தொகுதி முழுவதும் எத்தனை குழி திறந்திருக்கிறது என்று சட்டமன்றத்தில் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்."

பதில் இன்னும் வரவில்லை. நாங்களும் விடுவதாக இல்லை.

நண்பர்களே! 1988ல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி ஓட்டு வயதை 21லிருந்து 18 ஆக்காமல் இருந்திருந்தால், எனக்கு ஓட்டு வர இன்னும் மூன்று வருஷம் ஆகியிருக்கும். எனக்கு 18 முடிந்துவிட்டது. உங்களில் பல பேருக்கும் முடிந்திருக்கும். மணப்பாறையில் நமக்கு ஒன்றுக்கு இரண்டு ஓட்டு: கோட்டைக்கு அனுப்ப மணப்பாறைத் தொகுதியில் ஒன்று, டெல்லிக்கு அனுப்பக் கரூர்த் தொகுதியில் ஒன்று. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோடு கேட்போம், பஸ் கேட்போம், தப்பில்லை. கூடவே இதையும் கேட்போம்: "அண்ணே, போனா அங்கே என்ன கேள்வி கேப்பீங்க?" ஜெயித்த பிறகும் கேட்போம்: "இந்தக் கூட்டத்தொடர்ல நம்ம தொகுதிக்காக என்ன கேட்டீங்க?" 2022ல் கேள்வி நேரத்தை நேரலையில் காட்ட ஆரம்பித்தார்கள். கிரிக்கெட் பார்க்கிற போனில் அதையும் பத்து நிமிடம் பார்க்கலாம்.

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள். நாளைக்கு ரோடு போடப் போகிறோம், பாலம் கட்டப் போகிறோம், சில பேர் போர் வண்டிக்கே சூப்பர்வைசராகப் போவோம். ஒரு வேலையை முடித்தால் போதாது, லெவல் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதையேதான் சட்டமன்றத்திடமும் கேட்கிறேன். சட்டம் போட்டாயிற்று, சரி. லெவல் பார்த்தீர்களா?

வாடிவாசல் திறக்கச் சட்டமன்றத்தை ஒரே நாளில் கூட வைத்தவர்கள் மாணவர்கள். குழியை மூட வைக்க நம்மால் முடியாதா?

– மூன்றாமாண்டு சிவில் மாணவன், மணப்பாறை.